பாதையில் காய்த்த மாங்காய்

ஒரு புளிச்ச மாங்காயை இனாமாக வாங்கித் தின்பதற்கு இவ்வளவு சட்டம் பேசிய ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் பின்படலையில் தட்டுக் கேட்கும். கேட்டக்கா நிற்பார். கையில் அவரைவிட இரண்டு மடங்கு நீளமான மூங்கில் தடி. பக்கத்தில் அடுத்த வீட்டுப் பரீதா ராத்தா, கையில் தன் வீட்டுப் பப்பாசியை அறுத்த கத்தியோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்.

"பிள்ளை, மரத்தில ஒண்டு பிடுங்கித் தாங்கோ."

"அந்த மாங்காய் வாயில வைக்க ஏலாத புளி, கேட்டக்கா. முன்னுக்கு வாழைக்குலை பழுத்துக் கிடக்கு. ஒரு சீப்புத் தாறன், கொண்டுபோங்கோ."

"அது உங்கட வளவு. உங்கட வளவில விளைஞ்சது எனக்கு என்னத்துக்கு? இதில நிக்கிறதைத் தாங்கோ."

பிடுங்கி நீட்டினாலும் உடனே வாங்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நிற்பார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். "உங்கட பாதையில காய்ச்சது, எடுங்கோ." இதைப் பரீதா ராத்தாவின் காதில் விழச் சொன்ன பிறகுதான் கை முன்னுக்கு வரும். அந்த இடத்திலேயே, மரத்துக்குக் கீழேயே, தோலோடு கடித்துத் தின்பார். முகம் ஒரு பக்கம் கோணும். கொட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "வாங்கோ பிள்ளை, அடுத்த வீட்டுக்கு" என்பார். இப்போது நான் சாட்சி. அடுத்த வீட்டில் தேசிக்காய். அதற்கடுத்த வீட்டில் ஒன்றுமே காய்க்காத வருடத்தில் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. அதையும் மென்று விழுங்குவார்.

எனக்கு ஆளைப் பார்த்த நாளிலிருந்தே சந்தேகம். மறைப்பானேன், எனக்கு எல்லாரிலும் சந்தேகம்தான். அரசாங்கக் கச்சேரியில் இருபத்தெட்டு வருடம் கோப்பு எழுதுகிற லிகிதராக இருந்தவள் நான். பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தையும் வாசிக்கிற ஆள். பால்மாப் பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழுததை அவ்வளவு பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, நல்ல வாழைப்பழத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புளிச்ச மாங்காய் கேட்கிற மனுசியில் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அவரைக் கேட்டக்கா என்று கூப்பிட்டார்களே தவிர, எங்கள் பக்கத்தில் ரயில் கேட்டு ஒன்றும் கிடையாது. முந்தி இருந்ததாம். சீனக்குடாப் பக்கம் இருந்து வருகிற பெரிய ரயில் பாதையில் இருந்து பிரிந்து, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடி, துறைமுகத்தில் ஒரு பழைய கொம்பனியின் பண்டசாலை வரைக்கும் ஒரு கிளைப்பாதை போனது. கொம்பனியின் சொந்தப் பாதை. தெருவைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட்டும், கேட்டைத் திறந்து பூட்டுகிற ஆளுக்கு ஒற்றை அறைக் கல்வீடும் இருந்தன. கேட்டக்காவின் புருஷன் அந்த வேலையில் இருந்தவர். அவர் செத்த பிறகு வேலை அக்காவுக்கு வந்தது. பிறகு சண்டை வந்தது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கர்க் குழிகளுக்கு மேல் போடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கேட்டும் போனது. கொம்பனி கதவைச் சாத்திவிட்டுக் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போய்விட்டது. மிஞ்சினது கல் பரவிய ஒரு நீளத் துண்டு நிலமும் கேட்டக்காவும்தான்.

அந்தத் துண்டு நிலத்தில் நாங்கள் எல்லாரும் கால் நீட்டினோம். ஒருவர் ஆட்டுக்கொட்டில் போட்டார். ஒருவர் கோழிக்கூடு வைத்தார். நாங்கள் குசினியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். சுவர் அரை ஆள் உயரம் எழும்பியிருக்கும்போது கேட்டக்கா மூங்கில் தடியோடு வந்தார். தடியைக் குறுக்கே படுக்கவைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தார். அது சுவரில் முட்டியது.

"ரெண்டு முழம் உள்ளுக்க வந்திட்டீங்கள் பிள்ளை. பெட்டி போகேக்க சுவர் உரசும்."

"எந்தப் பெட்டி? தண்டவாளமே இல்லையே."

"இண்டைக்கு இல்லை."

சண்டைக்கு ஆயத்தமாக நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஆனால் அவர் சண்டை பிடிக்கவில்லை. "கட்டுங்கோ. சமைக்கிறது பாவமில்லை. அந்த மாமரத்தில வருசத்துக்கு ஒரு காய் தந்தால் காணும்" என்று சொல்லிவிட்டுத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கத்திக் குழறியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு மாங்காயோடு விட்டுவிட்டுப் போனதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது.

நாலாம் நாள் மாங்காயோடு முடியாது. எல்லா வீட்டிலும் வாங்கித் தின்ற பிறகு, பத்து மணிக்கு, முந்தி கேட்டு இருந்த இடத்தில் தெருவுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடிப்பார். ஒரு முனை விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும். மற்றது அவர் கையில் இருக்கும். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், துறைமுகத்துக்குப் போகிற லொறி எல்லாம் நிற்க வேண்டும். அவர் பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பி, வருகிற ரயிலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு எண்ணுவார். "என்ஜின்... முதலாவது... ரெண்டாவது..." பன்னிரண்டு பெட்டியும் கடைசியில் கார்ட் பெட்டியும் போய் முடிந்தால்தான் கயிறு இறங்கும்.

ஒருமுறை ஒரு லொறிக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "எங்க கிழவி உன்ர ரயில்?"

"போய்க்கொண்டு இருக்கு. இன்னும் நாலு பெட்டி. பொறு தம்பி."

பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார். கேட்டக்கா இடுப்பில் இருந்து பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கொம்பனி எப்போதோ கொடுத்த கடிதம். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "கெதியா எண்ணுங்கோ அம்மா" என்று ஓரமாய் நின்றார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசர் பிடித்தவர் வருடத்தில் ஒருநாள் மட்டும், அதுவும் மணி பார்த்து விசராட மாட்டார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் தரவில்லை.

எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஆளைக் கண்டால் சனம் கதவைச் சாத்தும். அது பட்ட அனுபவம். முதலில், சண்டைக் காலத்தில், அவரை ஆரோ ஒரு பகுதிக்குத் தகவல் கொடுக்கிறவர் என்று நினைத்தேன். சண்டை முடிந்தும் மனுசி வருவதை நிறுத்தவில்லை. ஆகவே அந்தச் சந்தேகம் பிழைத்தது. பிறகு காணி பிடிக்கிற கூட்டத்தின் ஆள் என்று நினைத்தேன். அதுவும் பிழை என்று எனக்குக் காட்டித் தந்தவர், உண்மையாகவே காணி பிடிக்கிற ஒருவர்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம். மடிப்புக் குலையாத சட்டையோடு ஒரு தரகர் வந்து எங்கள் முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். என் கணவரின் தோளைப் பார்த்து விசாரித்தார். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சைக்கிளில்தான் போவார், வருவார். ஒருநாள் லொறி ஒன்று உரசித் தெருவோரக் கானுக்குள் தள்ளிவிட்டதில் இடது தோள் ஒரு பக்கம் சரிந்துபோனது. அந்த மனுசன் அதற்காக ஒருவரையும் திட்டவில்லை. "பின்னால அந்தப் பாதை இருந்திருந்தால் நான் தெருவுக்கே போயிருக்கத் தேவையில்லை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அதைக் காதில் போடவில்லை.

தரகர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பின்னுக்கு இருக்கிற துண்டு உங்கட கையிலதானே?"

"குசினி நிக்குது. மாமரம் நிக்குது."

"பத்து வருசம் ஆருடைய தயவும் இல்லாமல் வைச்சிருந்தால் அது உங்களுக்கே வரும். காணி உறுதி முடிச்சுத் தாறது என்ர பொறுப்பு. பிறகு பாதிய நீங்கள் வைச்சிருங்கோ. மகளுக்கு ஒரு வீடு கட்டலாம். பாதிய எங்களுக்குத் தாங்கோ. லொறி நிப்பாட்ட ஒரு இடம் தேவை. நடுவில ஒரு துண்டு அறுந்தால் காணும், மிச்சம் தானா வரும்."

மகளுக்கு ஒரு வீடு. அந்த ஆளுக்கு என்னை எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. எங்கள் மகள் அன்புவழிபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு, வருடத்துக்கு வருடம் வீடு மாறிக்கொண்டு திரிந்தாள். கொடுக்க எங்களிடம் ஒரு பிடி மண் இல்லை.

"ஒண்டு மட்டும் கேக்கவேணும் அக்கா. இந்த நிலத்துக்கு ஆருக்கும் வாடகை ஏதும் குடுத்தனீங்களோ?"

"சீச்சீ, இல்லை."

"விளைச்சல் ஏதும்? தேங்காய், மாங்காய் அப்பிடி? வேறொருவற்ற நிலம் எண்டு ஒத்துக்கொண்டு ஒரு காய் குடுத்திருந்தாலும் பத்து வருசம் அண்டைக்கு இருந்துதான் தொடங்கும்."

இல்லை என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு பின்பக்கம் போய் மாமரத்தை அண்ணாந்து பார்த்தேன். அடியாத்தை! ஒரு காய், ஒரு வசனம், ஒரு சாட்சி. அந்தக் கயிறும் இப்படித்தான், வருடத்தில் ஒருநாளாவது தெருவை மறித்தால் பாதை செத்துப்போனது என்று ஒருவரும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு வருடமும் எங்கள் வாயாலேயே எங்கள் பத்து வருடத்தைக் கேட்டக்கா அழித்துக்கொண்டு வந்திருக்கிறார். கச்சேரியில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிய என்னை ஒரு கேட்டுக்காரி மாங்காயால் மடக்கிவிட்டாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

அடுத்த சித்திரையில் இருந்து நான் கொடுக்கவில்லை. நாலாம் நாள் விடிந்ததும் பின்படலையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்விறாந்தையில் போய் இருப்பேன். தட்டுக் கேட்கும். மூன்று தரம் தட்டுவார். "பிள்ளை" என்று ஒருதரம் கூப்பிடுவார். பிறகு தடி கல்லில் இழுபடுகிற சத்தம் அடுத்த வீட்டுப் பக்கம் போகும். அடுத்த நாள் தெருவில் கண்டால் ஒன்றும் நடக்காதவர் மாதிரி, "பேரப்பிள்ளையள் சுகமோ?" என்று கேட்பார். எனக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க ஏலாமல் இருக்கும். அதனால் இன்னும் கோபம் வரும்.

மற்ற வீட்டாரும் கொடுக்காமல் விட்டால் எனக்கு நல்லது என்று பட்டது. சட்டத்தை விளக்கினால் ஆளுக்கொரு தரகரைப் பிடித்து எனக்குப் போட்டியாக வந்துவிடுவார்கள். ஆகவே வேறு ஒரு கதையைக் கட்டிவிட்டேன். பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். "வாங்கினதை நிண்ட இடத்தில தின்னுறா, கொட்டைய முடிஞ்சுகொண்டு போறா, வீட்டாள் வாயால ஒரு வசனம் சொல்லவேணும் எண்டுறா. இது செய்வினை இல்லாமல் வேற என்ன?" என்று தேசிக்காய் வீட்டில் சொல்லிவைத்தேன். மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. பலன் என்ன தெரியுமா? அதுவரைக்கும் வருடத்தில் ஒன்றிரண்டு பேர் சாட்டுச் சொல்லித் தப்புவார்கள். அந்த வருடத்தில் இருந்து ஒருவரும் தப்பவில்லை. கொடுக்காவிட்டால் மனுசி ஏதாவது செய்துபோடும் என்று பயந்து, அவர் தட்ட முதலே காயோடு படலையில் நின்றார்கள். என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைக்க!

பத்து வருடம் இப்படிப் போனது. தரகர் மறக்கவில்லை. தலை நரைத்து, அதே மடிப்புக் குலையாத சட்டையோடு வந்தார். பத்து வருடமாக அந்த நிலம் எங்கள் கையில் என்று ஒரு சத்தியக்கடதாசி அடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கண்ணாடியைப் போட்டு மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினேன். நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடம், அதற்குக் கீழே வீட்டுக்காரரான என் கணவர் கையெழுத்து வைக்க வேண்டிய இடம். தரகர் நாளைக்கு வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இஞ்சேருங்கோ, முதலில நீங்கள் வையுங்கோ" என்று பேனையைக் கொடுத்தேன்.

நான் நீட்டிய கடதாசி எதையும் அந்த மனுசன் கல்யாணம் முடித்த நாளில் இருந்து வாசித்ததில்லை. அன்றைக்கு வாசித்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி வாசித்தார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"நான் இதில வைக்க ஏலாது."

"ஏன்?"

"ஆருக்கும் ஒண்டும் குடுக்கேல்ல எண்டு கிடக்கு. நான் குடுத்தனான்."

"என்னத்தைக் குடுத்தனீங்கள்? ஆருக்கு?"

"கேட்டக்காவுக்கு. மாங்காய். ஒவ்வொரு வருசமும்."

படலைத் திறப்பு என் இடுப்பில் அல்லவா இருந்தது? "எப்பிடி?" என்றேன்.

"கிணத்தடி வேலிக்கு மேலால."

நாலாம் நாள் காலையில் அந்த மனுசன் கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் குளிப்பார். வருடப்பிறப்பு எண்ணெய் போகத் தேய்க்கிறார் என்று நினைத்திருந்தேன். மரத்தில் காய் குறைந்தால் அணிலைத் திட்டினேன். அணில்!

"அந்த வசனமும் சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"ஆர் சாட்சி?"

"பரீதா ராத்தா."

செருப்பைக்கூட மாட்டாமல் பரீதா ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார். "இப்பதான் தெரியுமா மகள்? ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்ச விசயம். நீ கோவிப்பாய் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கல்ல" என்றார். அதில் கேலி இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இருக்கவில்லை. ஊரில் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டுத் திரிந்த என்னை என் வீட்டு மனுசனும் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து பத்து வருடம் பேய்க்காட்டியிருக்கிறார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அங்கிருந்து நேரே கேட்டடிக் கல்வீட்டுக்குப் போனேன். மத்தியான வெயில். கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கேட்டக்கா வாசற்படியில் இருந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தார். எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் இருக்கவில்லை.

"என்ர மனுசனை என்னத்துக்குக் களவாக் கூப்பிட்டு வாங்கினனீங்கள்?"

"நான் கூப்பிடேல்ல பிள்ளை. முதல் வருசம் தட்டிப்போட்டு நான் திரும்பினனான். கிணத்தடியில இருந்து 'ஸ் ஸ்' எண்டு சத்தம். பார்த்தால் சவுக்காரத் தலையோட மனுசன் மாங்காயை வைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் கிணத்தடியையும் பூட்டியிருப்பீங்கள்."

உண்மை. நான் வேறு பக்கத்தால் போனேன். "அந்தக் கொம்பனி உங்களுக்கு என்ன தந்தது? சம்பளம் நிண்டு எவ்வளவு காலம்? ஆருக்காக இதைக் காக்கிறீங்கள்? திரும்ப ரயில் வருமோ, சொல்லுங்கோ பாப்பம்."

"எனக்கென்ன தெரியும்? வந்தால் ஓடட்டும். வராட்டிச் சனம் நடந்து போகட்டும், சைக்கிள் ஓடட்டும். இடம் இருந்தால்தானே ரெண்டில ஒண்டாவது நடக்கும்? கல்லைப் பிடுங்கினால் திரும்பப் போடலாம். தண்டவாளத்தைப் பிடுங்கினால் புதுசு வாங்கலாம். நடுவில ஒரு வீட்டுக்கு உறுதி எழுதினால் அதோட முடிஞ்சுது. பிறகு ஆர் வந்து ஒட்டுறது?"

நெத்தலியின் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டார். எனக்கு விட மனமில்லை. "அதுக்கு ஒரு காயை வாங்கிக்கொண்டு போனால் போதாதோ? அதில நிண்டு கடிச்சுத் தின்னுறதென்ன, அவ்வளவு ஆசையோ?"

அவர் முதன்முதலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆசையோ? எனக்குப் புளி ஆகாது பிள்ளை. உங்கட மாங்காய் தின்னுற அண்டைக்குப் பல் கூசி ரெண்டு நாளைக்குச் சோறு மெல்ல ஏலாது. தின்னாமல் கொண்டுபோனால், 'கீழ விழுந்ததை அந்த மனுசி பொறுக்கினது' எண்டு நாளைக்கு ஆரும் சொல்லலாம். நாலு பேர் பாக்கத் தின்னால் அப்பிடிச் சொல்ல ஏலாதெல்லோ?"

அந்தப் பலகையில் நான் இருந்துவிட்டேன். கொஞ்சநேரம் அவரோடு சேர்ந்து நெத்தலி ஆய்ந்தேன்.

அன்றே மனம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். மூன்று நாள் என் கணவரோடு கதைக்கவில்லை. கடதாசி மேசையில் கிடந்தது. மகள் இரண்டு பிள்ளைகளோடும் நாலு பெட்டியோடும் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போகிற படம் கண்ணுக்குள் நின்றது. தரகரை மூன்று நாள் சாட்டுச் சொல்லி இழுத்தேன். நாலாம் நாள் வந்தவரிடம், வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கமாட்டார் என்றேன். அவர் சிரித்தார்.

"அதுக்கென்ன அக்கா. நீங்கள் மட்டும் வையுங்கோ. சாட்சிக்கு நான் ரெண்டு பேரைப் பிடிச்சுத் தாறன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுவினம்."

அதில்தான் என் பழைய குணம் விழித்துக்கொண்டது. எனக்காக இரண்டு பேரைப் பிடிக்கிறவன், நாளைக்கு எனக்கு எதிராக நாலு பேரைப் பிடிப்பான். பாதியை எனக்கு விடுவதாகச் சொன்னது எந்தக் கடதாசியில் இருக்கிறது? மூன்று தரம் வாசித்தேனே, அதில் ஒரு எழுத்துக்கூட இல்லையே! நெஞ்சு நேர்மையால் நான் அந்தக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன் என்று என் கணவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்கிறார். பாதி அதுதான். மற்றப் பாதி சந்தேகம்.

முன்பக்கத்து வாழைகளைத் தறித்து, அந்த இடத்தில் மகளுக்கு ஓர் அறை இறக்கினோம். சின்ன அறை. கட்டிலைப் போட்டால் கதவு முழுவதும் திறக்காது. அவள் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கதவைப் பார்க்கிற நேரமெல்லாம் பெருமூச்சு வரும்.

அடுத்த சித்திரையில் பின்படலையை நானே திறந்து வைத்தேன். தட்டுவதற்கு முன்னமே காயைப் பிடுங்கி, கழுவி, நீட்டினேன். "உங்கட பாதையில காய்ச்சது, எடுங்கோ." கேட்டக்கா காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காயைத் திருப்பி மணந்தார். காம்பைச் சுரண்டிப் பார்த்தார்.

"என்ன கேட்டக்கா?"

"பத்து வருசமாத் தராத ஆள், கழுவி வேற தாறீங்கள். முதலில நீங்கள் ஒரு கடி கடியுங்கோ பிள்ளை."

பரீதா ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிணற்றடியில் என் கணவரும் சிரித்தார். நான் கடித்தேன். அப்பப்பா, என்ன புளி! உச்சந்தலை வரைக்கும் கூசியது. அந்த மரம் நின்ற இத்தனை வருடத்தில் நான் அதில் ஒரு காயைப் பச்சையாக வாயில் வைத்ததில்லை. மிச்சத்தை அவர் வாங்கி, கொட்டை தெரியும் வரைக்கும் தின்றார். அந்த வருட மாரியில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து செத்துப்போனார். நான் கொடுத்தது அந்த ஒரு காய்தான், பத்து வருடத்துக்குப் பிறகு.

போன ஆவணியில் கொழும்பில் இருந்து ஒரு இளம் சட்டத்தரணிப் பெண் நில அளவையாளரோடு வந்தார். கொம்பனிக் குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒருவர் அந்தப் பாதையை ஊருக்கே விடுகிறாராம். இப்போதைக்கு நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு வழி. அதில் ஒருவரும் கட்டடம் கட்டக்கூடாது. பிற்காலத்தில் ரயிலோ வேறு எதுவோ விடுவதென்றால் இடம் இருக்கவேண்டும். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்த பிள்ளை, எங்கள் குசினிச் சுவருக்கு முன்னால் நின்றது.

"அம்மா, இந்தத் துண்டு உங்களுக்குச் சொந்தம் எண்டு கோருறீங்களோ? இதில விளைஞ்சதை ஆருக்கும் குடுத்து வந்தனீங்களோ?"

தரகர் கேட்ட அதே கேள்வி. குசினிக் கதவடியில் மகள் நின்றாள். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குசினி போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஓம், குடுத்து வந்தனாங்கள்" என்றேன். "கேட்டக்காவுக்கு. வருசா வருசம், மாங்காய்."

"இடையில எப்பவாவது விட்டனீங்களோ?"

"ஒரு வருசமும் விடேல்ல."

என் கணவர் செருமினார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் துண்டு எங்களுக்குச் சொந்தமில்லை என்று எழுதிக் கொடுக்க, அந்தப் பிள்ளை பையில் இருந்து ஒரு கடதாசியை எடுத்தது. மூன்று பக்கம், பொடி எழுத்து. "நல்லா ஆறுதலா வாசிச்சுப் பாருங்கோ அம்மா. அவசரமில்லை. நான் பொறுக்கிறன்." மகள் ஓடிப்போய் என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வைத்தேன்.